கற்கால உணவா, பாக்கெட் உணவா? மைசூரு வனங்களும் ஆய்வகங்களும் சொல்லும் விடை

மைசூரு: மனிதன் உண்டு வாழ்ந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களையும் ஒரே மாவட்டத்துக்குள் காண விரும்புவோர் மைசூருவுக்கு வரலாம். மாவட்டத்தின் தென்மேற்கே நாகரஹொளே, பந்திப்பூர் வனங்களையொட்டி ஜேனு குருபர், காடு குருபர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. சில தலைமுறைகளுக்கு முன்பு வரை இவர்களின் உணவில் பெரும்பகுதி தேன், கிழங்கு, கீரை, மீன் என வனத்திலிருந்தே கிடைத்தது. வனத்துக்கு வெளியே ராகியும் நெல்லும் விளையும் வயல்கள் தொடங்குகின்றன. மைசூரு நகரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் இயங்கி வருகிறது. தெற்கே நஞ்சன்கூட்டில் நாடெங்கும் விற்பனையாகும் உடனடி நூடுல்ஸ் தயாராகிறது.

கற்கால மனிதரைப் போல உண்பதே உடல்நலத்துக்கு உகந்தது என்ற வாதம் உலகெங்கும் வலுத்துவரும் நிலையில், அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. நகரவாசிகள் பணம் செலவிட்டுத் தேடும் 'ஆதி உணவை' உண்மையிலேயே உண்டு வாழ்ந்த மக்கள், இங்கு அதை இழந்துவிட்டு நியாய விலைக் கடை அரிசிக்கும் பெட்டிக்கடை பிஸ்கட்டுக்கும் மாறி வருகின்றனர்.

நாட்டின் நோய்ச்சுமை இந்த விவாதத்தை அவசரமானதாக்கியுள்ளது. இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்கு ஆரோக்கியமற்ற உணவுமுறையே காரணம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் செயல்படும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோயும், மேலும் 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தலைமையில் நடந்து 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

ஆதி உணவு: வாதம் பிறந்த கதை

கற்கால உணவுமுறைக்கு அறிவியல் தளத்தில் முகவரி தந்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான பாய்ட் ஈட்டனும் மெல்வின் கொன்னரும் ஆவர். 1985-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, மனித உடல் பல லட்சம் ஆண்டுகள் வேட்டையாடியும் சேகரித்தும் உண்ட வாழ்க்கைக்கு ஏற்ப உருவானது என்றது. வேளாண்மை தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆலை உணவு வந்து இரு நூற்றாண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. இந்த மாற்றத்தின் வேகத்துக்கு உடலால் ஈடுகொடுக்க முடியாததே இன்றைய நாட்பட்ட நோய்களுக்குக் காரணம் என்பது அந்த வாதத்தின் சாரம்.

2002-ல் லாரன் கார்டெய்ன் எழுதிய நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. தமிழ்நாட்டில் 2010-களின் நடுப்பகுதியில் முகநூல் குழுக்கள் வழியாக 'பேலியோ' என்ற சொல் வீட்டுச் சமையலறை வரை வந்தது. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றைத் தவிர்த்து இறைச்சி, முட்டை, காய்கறி, கொட்டைகள் ஆகியவற்றை உண்பதே இதன் பொது விதி. சைவ உணவினருக்காக அமைந்த தமிழ்ப் பட்டியலில் பாதாமுடன் பனீர், நெய், தயிர் ஆகியவையும் இடம்பெற்றன. கால்நடை வளர்ப்புக்குப் பின் தோன்றிய பால்பொருள்கள் கற்காலப் பட்டியலில் இடம்பெற முடியாது என்பதால், நடைமுறையில் பரவியது மாவுச்சத்து குறைந்த நவீன உணவுமுறையே அன்றி ஆதி மனிதரின் உணவுமுறை அன்று.

'கற்கால உணவு' என்று ஒன்று இருந்ததா?

இந்த வாதத்தின் முதல் சிக்கல், ஆதி மனிதர் எல்லோரும் ஒரே உணவை உண்டதாகக் கொள்வதில் இருக்கிறது. துருவப் பகுதி மக்கள் கடல்வாழ் விலங்குகளின் கொழுப்பை நம்பி வாழ்ந்தனர். வெப்பமண்டல மக்கள் கிழங்கு, பழம், தேன் ஆகியவற்றை அதிகம் உண்டனர். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடிச் சேகரித்து வாழும் ஹட்சா மக்கள் பெறும் ஆற்றலில் 15 முதல் 20 சதவீதம் வரை தேனிலிருந்து கிடைப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சர்க்கரையை அறவே விலக்கும் நவீனப் பட்டியல்களுடன் இது பொருந்துவதில்லை. கன்னடத்தில் 'ஜேனு' என்றால் தேன். தேனையே இனப்பெயரில் தாங்கிய ஜேனு குருபரும் அந்தப் பட்டியல்களைக் கண்டால் வியக்கவே செய்வர்.

ஆதி மனிதர் மாவுச்சத்தை அறியாதவர் என்ற கூற்றும் நிலைக்கவில்லை. நியாண்டர்தால் மனிதரின் பல்காரையில் சமைத்த மாவுச்சத்துத் துகள்கள் சிக்கியிருந்ததை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் படிகள், மாவுச்சத்தை அதிகம் உண்ணும் சமூகங்களில் கூடுதலாக இருப்பதை 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டறிந்தது. ஹட்சா மக்களும் அந்தச் சமூகங்களில் அடங்குவர். உடல் உறைந்த நிலையில் நின்றுவிடவில்லை, உணவோடு சேர்ந்து அதுவும் மாறி வந்துள்ளது என்பதற்கு இவை சான்றுகளாகும்.

ஆதி மனிதருக்கு இதயநோய் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. எகிப்து, பெரு, அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 பதப்படுத்தப்பட்ட உடல்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, 47 உடல்களில் ரத்தநாளத் தடிப்பின் அறிகுறிகள் தென்பட்டதாக 2013-ல் 'லான்செட்' இதழ் தெரிவித்தது. அலூஷியன் தீவுகளில் வேட்டையாடி வாழ்ந்த ஐவரில் மூவருக்கு இந்தத் தடிப்பு இருந்தது.

வலுவான சான்றுகள் எவை?

எனினும், கற்கால உணவுக்கு ஆதரவான சான்றுகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் டெர்பி நகருக்கு அருகே வாழ்ந்த, நீரிழிவு நோய் கொண்ட பழங்குடியினர் 10 பேர், ஆய்வாளர் கெரின் ஓடீயுடன் ஏழு வாரங்கள் தங்கள் பூர்விக நிலத்துக்குத் திரும்பிச் சென்றனர். கங்காரு, பறவைகள், நன்னீர் மீன், காட்டுக் கிழங்கு, தேன் என்று தாங்களே தேடிக் கண்டதை மட்டுமே உண்டனர். ஏழு வார முடிவில் சராசரியாக எட்டு கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை அளவு சுமார் 209 மில்லிகிராமிலிருந்து 119 மில்லிகிராமாக இறங்கியது. 1984-ல் வெளியான இந்த ஆய்வு இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆனால், அந்த ஏழு வாரங்களில் மாறியது உணவின் வகை மட்டும் அன்று. உண்ட அளவு வெகுவாகக் குறைந்தது. உணவைத் தேடுவதற்காக நாள்தோறும் உழைப்பு கூடியது. மது முற்றிலும் நின்றது. இவற்றுள் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது என்பதை ஓடீயின் கட்டுரையே ஒப்புக்கொண்டது.

பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களைப் பற்றி 2017-ல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. பரிசோதிக்கப்பட்ட 705 பேரில் 85 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு அறவே இல்லை. அதுவரை ஆராயப்பட்ட மக்களிலேயே இதயத் தமனி நோய் மிகக் குறைந்தவர்கள் இவர்கள்தாம். ஆனால், இவர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 72 சதவீதம் வாழை, நெல், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து கிடைக்கிறது. வேட்டையும் மீன்பிடிப்பும் உண்டு. சிறு அளவில் பயிர்த்தொழிலும் உண்டு. இல்லாதது ஆலையில் தயாரான உணவும் உட்கார்ந்தே கழியும் நாளும்தான். தானியத்தையும் கிழங்கையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வாதத்துக்கு இது நேர் எதிரான சான்றாகும்.

கட்டுப்பாட்டுக் குழுக்களுடன் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2015-ல் வெளியான மதிப்பாய்வில், கற்கால உணவுமுறையைப் பின்பற்றியோரின் இடைச் சுற்றளவு, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் குறுகிய காலத்தில் கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால், அந்த மதிப்பாய்வில் அடங்கியவை நான்கே சோதனைகள். பங்கேற்றோர் 159 பேர் மட்டுமே. பல ஆண்டுகள் தொடர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இத்தகைய சோதனைகள் விடையளிக்கப் போதுமானவை அல்ல.

பாக்கெட் உணவுக்கு எதிரான வழக்கு

மறுபுறம், ஆலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கு எதிரான சான்றுகள் ஆண்டுக்கு ஆண்டு குவிந்து வருகின்றன. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்தெய்ரோ 2009-ல் முன்வைத்த வகைப்பாட்டின்படி, வீட்டுச் சமையலறையில் காணப்படாத வேதிச் சேர்மானங்கள், சுவையூட்டிகள், நிறமிகள், பிரித்தெடுத்த மாவு, எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் உணவுகள் இந்தப் பிரிவில் அடங்கும். குளிர்பானங்கள், பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், உடனடி நூடுல்ஸ் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019-ல் வெளியான சோதனை, இந்த விவாதத்தில் திருப்புமுனையாக அமைந்தது. 20 பேர் இரண்டு வாரங்கள் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரங்கள் எளிய உணவும் உண்டனர். பரிமாறப்பட்ட உணவுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருந்தன. எவ்வளவு உண்பது என்பது பங்கேற்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆலை உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ எடை கூடினர். எளிய உணவு கிடைத்த நாள்களில் அதே அளவு எடை குறைந்தனர்.

2025 நவம்பரில் 43 வல்லுநர்கள் இணைந்து 'லான்செட்' இதழில் வெளியிட்ட தொடர் கட்டுரைகள் 104 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்தன. அவற்றில் 92 ஆய்வுகள், இவ்வகை உணவை அதிகம் உண்போருக்கு ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்களின் அபாயம் கூடுவதாகக் கூறின. இந்தியாவில் இவ்வகை உணவுகளின் விற்பனை 2006-ல் 90 கோடி டாலராக இருந்து, 2019-ல் சுமார் 3,800 கோடி டாலராகப் பெருகியதாகவும் அத்தொடர் சுட்டிக்காட்டியது.

ஆக, கற்கால உணவு சிறந்தது என்பதற்கான சான்று மெலிந்தது. பாக்கெட் உணவு தீங்கானது என்பதற்கான சான்று வலுவானது. இவ்விரண்டும் ஒரே கூற்று அல்ல. ஆலை உணவைக் கைவிட்டவர் எந்த உணவுக்கு மாறினாலும் நலம் பெற வாய்ப்புண்டு. கற்கால உணவுமுறைக்கு மாறியோர் அடையும் பலனில் எவ்வளவு இறைச்சியால் வந்தது, எவ்வளவு பிஸ்கட்டை விட்டதால் வந்தது என்ற கேள்வியைப் பெரும்பாலான வெற்றிக் கதைகள் எழுப்புவதே இல்லை.

பதப்படுத்தல் எல்லாம் பகையா?

மைசூருவின் ஆய்வகங்களின் வரலாறு இந்தக் கேள்விக்கு நிதானமான விடை தருகிறது. நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்த காலத்தில், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது இங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமே. எருமைப்பால் அதற்கு ஏற்றதல்ல என்று அந்நாளில் கருதப்பட்டதை அது மாற்றிக் காட்டியது. நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவையும் கடலை மாவையும் கொண்டு புரதம் மிகுந்த மலிவான உணவையும் அந்நிறுவனம் உருவாக்கியது. 1961-ல் இதே நகரில் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம், பனிமலைகளில் பணியாற்றும் வீரர்களுக்குக் கெடாத சப்பாத்தி முதல் விண்வெளி வீரர்களுக்கான உணவு வரை உருவாக்கித் தந்தது.

உலர்த்துதல், புளிக்கவைத்தல், முளைகட்டுதல், வறுத்தல் ஆகிய அனைத்தும் பதப்படுத்தலின் வடிவங்களே. வனவாசிகளும் இதற்கு விலக்கு அல்லர். காட்டுவள்ளிக் கிழங்கின் சில வகைகள் அப்படியே உண்டால் நஞ்சாகும். நறுக்கி, ஓடும் நீரில் ஊறவைத்து, வேகவைத்த பின்னரே உண்ணத் தகும். எனவே, பதப்படுத்தப்பட்டதா இல்லையா என்பதைவிட, எந்த நோக்கத்துக்காக, எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதே முதன்மையான கேள்வி. கெடாமல் காப்பதற்கும் செரிமானத்துக்கும் செய்யப்படுவது ஒருவகை. நிறுத்த முடியாமல் உண்ணத் தூண்டுவதற்குச் செய்யப்படுவது வேறுவகை.

உண்மையான சேகரிப்பாளர்களின் நிலை

ஜேனு குருபர் சமூகம் கர்நாடகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் உள்ள இரு சமூகங்களில் ஒன்றாகும். உன்சூர், ஹெக்கடதேவனகோட்டை, பெரியபட்டணா வட்டங்களிலும் குடகு மாவட்டத்திலும் இவர்கள் 'ஹாடி' எனப்படும் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பந்திப்பூர் 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வந்தது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கபினி அணை, நாகரஹொளே தேசியப் பூங்கா ஆகியவற்றுக்காகப் பழங்குடிக் குடும்பங்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில், மைசூரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முசாபர் அசாதி தலைமையில் அமைந்த குழு, நாகரஹொளேயிலிருந்து இடம்பெயர்ந்து மறுவாழ்வுக்குக் காத்திருந்த 3,418 குடும்பங்களை அடையாளம் கண்டு 2014-ல் அறிக்கை அளித்தது.

இடப்பெயர்வு என்பது வீட்டை இழப்பது மட்டும் அன்று. உணவுப் பட்டியலை இழப்பதும் ஆகும். மழைக்குப் பின் காளான், கோடையில் தேன், மூங்கில் குருத்து, பருவத்துக்கு ஏற்பப் பலவகைக் கீரைகள், கிழங்குகள், ஓடை மீன், நண்டு என்று ஆண்டு முழுவதும் மாறிமாறி வந்த உணவின் இடத்தை, ஆண்டு முழுவதும் மாறாத அரிசி பிடித்துக்கொண்டது. குடகின் காபித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்குக் கிழங்கு தோண்டவோ கீரை பறிக்கவோ நேரமும் இல்லை, இடமும் இல்லை. கையில் காசும் அருகில் கடையும் இருக்கையில், பசித்த குழந்தைக்கு எளிதில் கிட்டுவது ஐந்து ரூபாய் பாக்கெட்டே.

இதன் விளைவாக எழுவது இரட்டைச் சுமை. 2019-21-ம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். அதே மாநிலத்தில் 30.1 சதவீதப் பெண்கள் அதிக எடையுடன் உள்ளனர். நாடு முழுவதும் பழங்குடியினக் குழந்தைகளில் உயரக்குறைவு 40.9 சதவீதமாக, பொதுச் சராசரியான 35.5 சதவீதத்தைவிடக் கூடுதலாக உள்ளது.

வனவாழ்வைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் பிழையாகும். வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்த சமூகங்களைத் தொகுத்து ஆராய்ந்த மானிடவியலாளர்கள், அவற்றில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் 15 வயதை எட்டும் முன்பே இறந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்கள் எழுபது வயது வரை வாழ்வதும் இயல்பாக இருந்தது. மருத்துவமனை, தடுப்பூசி, பள்ளி ஆகியவற்றை இன்றைய ஹாடி மக்களும் கோருகின்றனர். அவர்களின் கேள்வி, அவற்றைப் பெறுவதற்கு ஏன் உணவையும் நிலத்தையும் விலையாகத் தர வேண்டும் என்பதே.

2025 மே மாதம், நாகரஹொளே புலிகள் காப்பகத்தின் குடகு பகுதியிலுள்ள கரடிக்கல்லு அத்தூர் கொல்லிக்கு 50-க்கும் மேற்பட்ட ஜேனு குருபர் குடும்பங்கள் திரும்பிச் சென்றன. சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்து வெளியேற்றப்பட்டதாக அவை கூறுகின்றன. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை வனவாசிகளுக்கு வழங்குகிறது. 1997 வரை மைசூரு மாவட்டத்தோடு இணைந்திருந்த சாமராஜநகரின் பிலிகிரிரங்கன மலையில், சோலிகர் பழங்குடியினர் 2011-ல் சமூக வன உரிமைகளைப் பெற்றது இதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. புலிகளின் வாழிடம் சிதையக் கூடாது என்ற வனத்துறையின் கவலைக்கும் இந்த உரிமைக்கும் இடையிலான இழுபறி, சட்டப் பிரச்சினையாகப் பார்க்கப்படும் அளவுக்கு உணவுப் பிரச்சினையாகப் பார்க்கப்படுவதில்லை.

ராகிக் களி தரும் பாடம்

கற்கால உணவுமுறையின் கடும் விதிகளின்படி, பழைய மைசூரு வட்டாரத்தின் அன்றாட உணவான ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் விலக்கப்பட்டவை ஆகும். ஒன்று தானியம், மற்றொன்று பயறு. ஆனால், தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணையின்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், சுமார் 11 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியில் இவை முறையே எட்டு மில்லிகிராமுக்கும் மூன்று கிராமுக்கும் குறைவு. பால் குடிக்க வசதியற்ற குடும்பத்துக்கு ராகியை மறுப்பது எலும்பு வலிமையை மறுப்பதற்கு ஒப்பாகும்.

அதற்காக ராகியை மருந்தாகக் கருதுவதும் தவறு. 2025 செப்டம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான தேசிய உணவு ஆய்வு, இந்தியர் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டறிந்தது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை அல்லது சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதில்லை என்றும், மொத்த மாவுச்சத்தின் அளவே குறைய வேண்டும் என்றும் அது எச்சரித்தது. மாவுச்சத்திலிருந்து பெறும் ஆற்றலில் ஐந்து சதவீதத்தை மட்டும் தாவர அல்லது பால் புரதத்துக்கு மாற்றினாலே அபாயம் கணிசமாகக் குறையும். சிவப்பு இறைச்சிக்கு மாற்றுவதில் அதே பலன் தென்படவில்லை என்பது அதன் மற்றொரு முடிவு. தட்டில் களியைச் சுருக்கி அவரையைப் பெருக்குவது என்று இதை எளிய மொழியில் சொல்லலாம். கற்கால உணவுமுறை விலக்கும் பயறும் பாலுமே இந்தியருக்குக் கை கொடுக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

உலக அளவில் பார்த்தாலும் ஆதி உணவுக்குத் திரும்புவது நடைமுறைக்கு ஒவ்வாது. பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் காட்டு விலங்குகளின் பங்கு வெறும் நான்கு சதவீதம் என்று 2018-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. எஞ்சியவை மனிதரும் கால்நடைகளுமே. 800 கோடி மக்களுக்கு வேட்டை உணவு கிடையாது. பண்ணைக் கோழியும் பாதாமும் அந்தப் பெயரில் விற்கப்படலாம், அவ்வளவே.

அரசின் முன் உள்ள முடிவுகள்

இந்த விவாதம் தனிமனிதரின் தட்டோடு முடிவதில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் நட்சத்திர மதிப்பீட்டு முறையை வரைவாக வெளியிட்டது. நட்சத்திரம் பாராட்டாகத் தோன்றுமே தவிர எச்சரிக்கையாகாது என்று பொது சுகாதார வல்லுநர்கள் எதிர்த்தனர். இதுகுறித்த பரிந்துரைகளை இறுதி செய்ய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாத அவகாசம் வழங்கியது. அந்த அவகாசம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2016-ல் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையை விளம்பரக் கட்டுப்பாடுகளுடன் கட்டாயமாக்கிய சிலி நாட்டில், சர்க்கரை மிகுந்த பானங்களின் கொள்முதல் சுமார் 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு ஒன்று காட்டியது.

வரிக் கொள்கையோ இருவேறு திசைகளில் இழுக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தில் இனிப்பூட்டிய குளிர்பானங்கள் 40 சதவீத வரிப் பிரிவில் வைக்கப்பட்டன. பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றின் வரி ஐந்து சதவீதமாகக் குறைந்தது. குடும்பச் செலவைக் குறைக்கும் நடவடிக்கையாக இது வரவேற்கப்பட்டாலும், மருத்துவர்கள் குறைக்கச் சொல்லும் பொருள்களையே மலிவாக்கிவிட்டது என்ற விமர்சனத்துக்கும் இடமளித்துள்ளது.

பழங்குடியினருக்குக் கர்நாடக அரசு வழங்கும் சத்துணவுப் பொருள்களில் ராகி, பருப்பு வகைகள், முட்டை, நெய், வெல்லம் ஆகியவை அடங்கும். அரிசியை மட்டும் அளப்பதைவிட இது மேம்பட்ட அணுகுமுறை என்பதில் ஐயமில்லை. ஆனால், கீரையையும் கிழங்கையும் தேனையும் எந்தப் பையிலும் போட்டு வழங்க முடியாது. அவற்றுக்குத் தேவை வனத்துக்குள் சென்று வரும் உரிமையே. மைசூருவில் சகஜ சம்ருத்த அமைப்பு நடத்திவரும் கிழங்குத் திருவிழாவில், வனவாசிகள் கொண்டுவரும் கிழங்கு வகைகளை நகர மக்கள் விரும்பி வாங்கிச் செல்கின்றனர். அந்த உணவுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை இது உணர்த்துகிறது. அதை அறிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது தட்டில் கிடைக்க வேண்டும் என்பதே முதன்மையான தேவை.

கற்கால மனிதரைப் போல உண்பது நவீன உணவைவிட ஆரோக்கியமானதா என்ற கேள்விக்கு, இதுவரையிலான சான்றுகள் தரும் விடை இதுதான்: ஆலைப் பாக்கெட்டுடன் ஒப்பிட்டால் ஆம், ராகி, பயறு, கீரை, மீன், மோர் கொண்ட அளவான வீட்டு உணவுடன் ஒப்பிட்டால் அப்படிக் கூற ஆதாரம் இல்லை. ஆதி உணவிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை, பருவந்தோறும் மாறும் பலவகை உணவு, நிறைய நார்ச்சத்து, உணவுக்காக உடல் உழைத்தல் ஆகிய மூன்றே. அந்த மூன்றையும் இன்னும் நினைவில் வைத்திருக்கும் மக்கள் மைசூருவிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்கின்றனர். எச்சரிக்கை முத்திரை, வரி, வன உரிமை ஆகியவற்றில் எடுக்கப்படும் முடிவுகளே, அவர்களின் அடுத்த தலைமுறை கிழங்கின் பெயரை அறியுமா, பிஸ்கட்டின் பெயரை மட்டுமே அறியுமா என்பதைத் தீர்மானிக்கும்.